துளுக்காத சேவல்

பிடித்த மீனைத் திரும்ப ஆற்றிலேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு வீடு வருகிற மனுசனைப் பற்றிக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் யாருக்கும் நல்ல அபிப்பிராயம் கிடையாது. கிறுக்கு என்று நேராகச் சொல்ல மாட்டார்கள், மரியாதை தெரிந்த ஊர். "தோப்பு வெச்சிருக்கறவரு, அவருக்கென்னங்க" என்பார்கள். அதற்கு அர்த்தம் கிறுக்கு என்பதுதான். செங்கோட்டையனுக்கும் அது தெரியும். அறுபதை எட்டிப் பிடிக்கிற வயதில் ஒருத்தன் புதிதாக ஒரு பைத்தியத்தைப் பிடித்துக்கொண்டால் ஊர் நாலு வார்த்தை பேசத்தான் செய்யும், பேசட்டும் என்று விட்டுவிட்டார்.

ஊரை விட்டுவிடலாம். கமலாத்தாளை எங்கே விடுவது? ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய அவர் வாசலில் வந்து நின்றால், பெண்டாட்டி முதலில் அவர் முகத்தைப் பார்க்க மாட்டாள், கையைத்தான் பார்ப்பாள்.

"ஏனுங்க, இன்னைக்கு எத்தன?"

"நாலு."

"எங்கீங்க?"

"ஆத்துல."

"உடறதுக்கு எதுக்குங்க புடிக்கோணும்? கொழம்புக்கும் ஆகாம, விக்கறதுக்கும் ஆகாம, அதுபாட்டுக்குக் கம்முனு இருந்த மீன எதுக்குங்க போயிச் சங்கடப்படுத்தோணும்?"

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, காலைக் கழுவிக்கொண்டு, நல்ல பிள்ளையாகச் சோற்றுக்கு உட்கார்ந்துவிடுவார்.

எல்லாம் ராஜாராமனால் வந்தது. அவர் பாலக்காடு கல்பாத்தியில் குடியிருக்கும் ஓய்வு பெற்ற பேங்க் மேனேஜர். தலைமுறை தலைமுறையாக மீன் வாசனையே அறியாத குடும்பம். இமாச்சலத்தில் கொஞ்ச காலம் வேலைக்குப் போன இடத்தில் இந்த இறகுத் தூண்டிலைப் பழகிக்கொண்டு வந்துவிட்டார். போன வருசம் கோயமுத்தூர் ஆசுபத்திரியில் செங்கோட்டையனுக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தபோது, பக்கத்துக் கட்டிலில் அதே ஸ்டென்டோடு படுத்திருந்தவர் அவர்தான். தினமும் நடக்க வேண்டும், மனசில் எதையும் போட்டு உழப்பக் கூடாது என்று டாக்டர் இரண்டு பேருக்கும் சேர்த்தே சொன்னார்.

"நடக்கச் சொன்னார், சரி. ஆத்துக்குள்ள நடக்கப்படாதுன்னு சொன்னாரோ? இல்லையே! உடம்பு தேறட்டும், நீரும் வாரும் ஓய்" என்றார் ராஜாராமன்.

அப்படித்தான் ஆனைகட்டிக்கு மேற்கே, யாக்கோபு என்கிற வாழை விவசாயியின் தோட்டத்தை ஒட்டி ஓடும் ஆற்றில் செங்கோட்டையன் முழங்கால் தண்ணீரில் போய் நின்றார். இந்தத் தூண்டிலுக்குப் புழு கிடையாது, மிதப்பும் கிடையாது. முள்ளின்மேல் நூலைச் சுற்றி, நூலின்மேல் சேவலின் கழுத்து இறகைச் சுற்றி, தண்ணீரில் விழுந்த பூச்சி மாதிரி ஒன்றைச் செய்துகொள்ள வேண்டும். பிறகு கோலைப் பின்னால் வீசி, கயிறு முழுசாக நீளும்வரை பொறுத்து, அப்புறம் முன்னால் வீச வேண்டும். அந்தப் பொறுமைதான் வித்தை. அவசரப்பட்டால் முள் தன் காதிலேயே மாட்டும், அவருக்கு ஒருமுறை மாட்டியும் இருக்கிறது.

முதல் கெண்டை மேலே வந்து பூச்சியைக் கவ்விய நாளை அவர் சாகும்வரை மறக்க மாட்டார். வாழைத்தோட்ட நிழலில் தண்ணீர் லேசாக உடைந்தது, கோல் வளைந்தது, இந்த நெஞ்சு இனி எதற்கும் ஆகாது என்று நினைத்திருந்த மனுசன் சின்னப் பையன் மாதிரிக் கத்திவிட்டார். கையை நனைத்துக்கொண்டு பிடிக்கச் சொன்னார் ராஜாராமன். மீனின் மூக்கை ஓட்டத்துக்கு எதிராகத் திருப்பி, தண்ணீருக்குள்ளேயே ஏந்திப் பிடித்திருக்கச் சொன்னார். கைக்குள் அது மெல்ல மெல்லத் தெம்பு பிடித்தது, வாலை ஒரு தட்டு தட்டிக்கொண்டு போயே போய்விட்டது. செங்கோட்டையனுக்குக் கண் கலங்கியது. 

வம்பு பூச்சியில் ஆரம்பித்தது. வெளிநாட்டு இறகு யானை விலை. ஒருநாள் ராஜாராமன் தோப்பு வீட்டுக்கு வந்தவர், காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் வெளியே பார்த்தபடி நின்றார். வாசலில் கீரி மேய்ந்துகொண்டிருந்தது. கீரி என்பது சேவலின் பெயர், நிறமும் அதுதான். பழுப்பில் புள்ளி விழுந்த கழுத்து, வெயிலில் அப்படி மின்னும்.

"ஓய், இந்தக் கழுத்தைப் பார்த்தேளா? இதையாக்கும் வெளிநாட்டுல கொண்டாடறா. ஆனா தண்ணி ஒட்டாத இறகாப் பார்த்து எடுக்கணும், கேட்டேளா. தெளிச்சா முத்து முத்தா உருண்டு ஓடணும். ஊறிப்போற இறகுன்னா பூச்சி முங்கிடும்."

கீரி சாதாரணச் சேவல் இல்லை. கமலாத்தாள் கருப்பராயனுக்கு நேர்ந்துவிட்ட சேவல். அவர் ஆசுபத்திரியில் கிடந்த அதே மாதத்தில்தான் தோப்பில் புதுப் போர்வெல்லும் போட்டார்கள். திரும்பி வந்து பார்த்தால், தண்ணீர் பீய்ச்சியடிக்கிறது, வாசலில் கால் சிவப்பு மாறாத ஒரு குஞ்சு, காலில் மஞ்சள் துணி. எதற்கு நேர்ந்தாய் என்று கேட்டார். "நேர்ந்தது நெறவேத்தற முன்னால வெளிய சொல்லக் கூடாதுங்க" என்று அவள் வாயை மூடிக்கொண்டாள். போர்வெல்லுக்குத்தான் என்று அவரே முடிவு கட்டிக்கொண்டார். விவசாயி வீட்டில் தண்ணீரை விடப் பெரிய வேண்டுதல் என்ன இருந்துவிடப் போகிறது?

சாமிச் சேவலில் கை வைக்கலாமா என்று அவர் யோசிக்காமல் இல்லை. நன்றாகவே யோசித்தார். எப்படியும் ஒருநாள் அறுத்து, இறகையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டுத்தான் குழம்பு வைக்கப் போகிறோம். கருப்பராயன் இறகா தின்கிறார்? எறியப்போகிற இறகில் நாலு முன்கூட்டியே எடுத்தால் என்ன குடி முழுகிவிடும்? ஆசை வந்துவிட்டால் நியாயத்துக்கா பஞ்சம்.

விடிந்ததும் கமலாத்தாள் பாலை எடுத்துக்கொண்டு சொசைட்டிக்குப் போவாள். அவள் தலை மறைந்ததும் இவர் ஒரு கையில் சொம்பு, மறுகையில் கம்பு தானியத்தோடு கீரியைத் தேடிப் போவார். மடியில் இருத்தி, கழுத்தில் தண்ணீரைத் தெளித்து, எந்த இறகில் முத்தாக உருளுகிறது என்று பார்ப்பார். ஆரம்பத்தில் கீரி உடம்பை ஒரு உலுக்கு உலுக்கி அவர் சட்டையையே நனைத்துவிடும். உலுக்காமல் நின்றால் வாய்க்கு ஒரு பிடி கம்பு. சேவலுக்கு அறிவு இல்லை என்று யார் சொன்னது? மழைக்காலம் முடிவதற்குள் கீரி பாடம் படித்துவிட்டது. தண்ணீர் விழுந்தால் அசையவே அசையாது, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு கம்புக்காகக் காத்திருக்கும்.

பூச்சிகளும் அருமையாக அமைந்தன. வால் நுனி அறுந்த ஒரு பெரிய கெண்டை அந்தக் கீரிப் பூச்சிக்கு வந்தது. விட்டுவிட்டார். கொஞ்ச நாள் கழித்து அதே கெண்டை, அதே அறுந்த வாலோடு, மறுபடியும் வந்து கவ்வியது. மறுபடியும் விட்டார். வாலறுந்தான் என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார். சந்தோசம் தாங்காமல் அதை வீட்டில் வந்து சொன்னதற்கு, "அந்த மீனுக்கும் புத்தியில்ல, உங்களுக்கும் இல்ல" என்று சொல்லிவிட்டு அவள் தோசையைத் திருப்பிப் போட்டாள்.

கீரியின் கழுத்து ஒரு பக்கம் வெளிறிக்கொண்டே வந்ததை அவளும் பார்த்தாள். செள்ளுப் பூச்சி என்று நினைத்தாள். வேப்பெண்ணெயில் மஞ்சளைக் குழைத்து, தினமும் சாயங்காலம் அதை மடியில் போட்டுத் தடவுவாள். "என்றா சாமி, உனக்கு என்னடா ஆச்சு" என்று அதனோடு பேசுவாள். நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பார்க்கும்போதெல்லாம் செங்கோட்டையனுக்குச் சுருக்கென்று இருக்கும். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பார். நாளைக்கு விடிந்ததும் அவள் பாலுக்குப் போவாள், இவர் சொம்பை எடுப்பார்.

தை பிறந்ததும் ஒருநாள் அவள் சொன்னாள், "ஏனுங்க, வர்ற வெள்ளிக்கிழம கருப்பராயங் கோயலுக்குப் போயி நேர்த்திய முடிச்சுப் போடலாமுங்க. பூசாரிகிட்டச் சொல்லியாச்சு."

வேலந்தாவளம் தாண்டி, கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் இருக்கிற அந்தக் கோயிலில் வழக்கம் என்ன என்று அவருக்குத் தெரியாதா? கிடாயோ சேவலோ, எடுத்தவுடனே அறுத்துவிட மாட்டார்கள். தலையில் மஞ்சள் தண்ணீர் தெளித்துச் சாமியிடம் உத்தரவு கேட்பார்கள். அது உடம்பை உலுக்கித் துளுக்க வேண்டும். துளுக்கினால் சாமி ஏற்றுக்கொண்டது. துளுக்காவிட்டால், நேர்ந்தவர்களின் வேண்டுதலைச் சாமி தள்ளிவிட்டது என்று அர்த்தம். தண்ணீர் பட்டால் துளுக்கவே கூடாது என்று ஒரு மழைக்காலம் முழுக்க அந்தச் சேவலுக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியார் அவர்தான்.

அன்றிலிருந்து அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. பச்சைத் தண்ணீர் தெளித்துப் பார்த்தார், கிணற்று நிழலில் வைத்துக் குளிரக் குளிரத் தெளித்துப் பார்த்தார். வயிற்றில் கூச்சம் காட்டினார். "துளுக்குடா, என்ற ராசா, ஒரே ஒருக்கா துளுக்கீரு" என்று கெஞ்சினார். கீரி கண்ணைப் பாதி மூடிக்கொண்டு தவமிருந்தது. கம்பு வரவில்லை என்றதும் அவர் விரலைக் கொத்தியது.

ஆற்றுக்குப் போனபோது ராஜாராமனிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அவர் கோலைக் கரையில் சாய்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ, என் நாக்கு சும்மா இருந்திருக்கலாமே! பகவானுக்கு வெச்சதுன்னு எனக்குத் தெரியாதே ஓய். போய் ஆத்துக்காரிகிட்டே சொல்லிடும்."

"சொன்னா இந்த ஆறு போயிருமுங்க, மேனேஜர் சார்."

"ஆறு எங்கேயும் போகாது. சொல்லாம இருந்தாத்தான் ஏதாவது போகும்."

நல்ல புத்திமதிதான். ஆனால் ஆறு மட்டுமா பிரச்சினை? பொய்யே சொல்லாமல் முப்பது வருசத்துக்கு மேல் கூட வாழ்ந்தவள் தினமும் எண்ணெய் தடவினதைச் சும்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன் என்று எந்த வாயால் சொல்வது? அன்றைக்கு அவர் வீசிய வீச்சு ஒன்றுகூட உருப்படியாக விழவில்லை. கடைசியில் அந்த வயசில் எல்லாக் கோழைகளும் செய்வதையே அவரும் செய்தார். புது இடம், புதுச் சத்தம், மஞ்சள் தண்ணீர் வேறு, சேவல் எப்படியாவது துளுக்கிவிடும் என்று நம்பினார்.

வெள்ளிக்கிழமை காலை பொங்கல் பானை, தேங்காய் பழத்தோடு போனார்கள். கமலாத்தாள் வண்டியில் பின்னால் உட்கார்ந்து கீரியை முந்தானையில் பொதிந்து வைத்திருந்தாள். கோயில் என்றால் ஒரு பெரிய ஆலமரம், அதன் கீழே அரிவாளோடு கருப்பராயன், அவ்வளவுதான். கூட்டம் இல்லை. இவர்கள் இரண்டு பேர், பூசாரி, கிடாயை அவிழ்த்துக்கொண்டு வரிசையில் நின்ற வேறொரு குடும்பம்.

பூசாரி கீரியின் கழுத்தைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "செள்ளுங்க, எண்ணெய் போட்டுட்டுத்தானுங்க இருக்கறேன்" என்றாள் கமலாத்தாள். செங்கோட்டையன் ஆலமரத்தின் உச்சியைப் பார்த்தார். சேவலைச் சாமி முன்னால் நிறுத்தி, பூசாரி மஞ்சள் தண்ணீரைத் தெளித்தார்.

கீரி அசையவில்லை.

மறுபடி தெளித்தார். தண்ணீர் கொண்டையிலிருந்து அலகு வழியாகச் சொட்டியது. கீரி கண்ணைப் பாதி மூடிக்கொண்டது. கமலாத்தாள் கையைக் கூப்பியபடி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். பூசாரி மூன்றாவது தடவை சொம்பைக் கவிழ்த்தே விட்டார். ஊரே கூடிக் குலவை போட்டாலும் கலையாத நிஷ்டையில் இருந்தது சேவல். கண்ணை மட்டும் திறந்து செங்கோட்டையனைத் தேடிப் பார்த்தது. கம்பு எங்கே என்று கேட்கிற பார்வை, அவருக்கு மட்டும் புரிந்தது.

"சாமி உத்தரவு குடுக்கலீங்களே. என்ன வேண்டுதலுங்க அம்மணி?" என்றார் பூசாரி.

கமலாத்தாள் முகம் வெளிறிவிட்டது. அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள். பிறகு அவளிடமிருந்து வந்த அழுகையை, தாய் தகப்பன் செத்தபோதுகூட அவர் கேட்டதில்லை.

"இவரு உசுருக்குங்க! ஆசுபத்திரில கையெழுத்துப் போடச் சொன்னாங்க. போட்டுட்டு வெளிய வந்து, இவர எனக்குத் திருப்பிக் குடு கருப்பா, ஒரு உசுரு உனக்குத் தாறேன்னு நேர்ந்தனுங்க. குடுத்துட்டு இப்ப வேண்டாங்குதே, அப்ப இவரத் திருப்பிக் கேக்குதுங்களா?"

போர்வெல் இல்லை. இத்தனை மாசமாக அவள் எண்ணெய் தடவியது சேவலுக்கில்லை, அவர் ஆயுசுக்கு. அதை அவர் விடிந்தால் ஒவ்வொரு இறகாகப் பிடுங்கியிருக்கிறார். இனி வெட்கத்துக்கு எங்கே இடம்? அவரும் அவள் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தார்.

"ஏம்புள்ள, அழுவாத. சாமி ஒண்ணுமே சொல்லல. நாந்தான் அதக் கெடுத்தேன்."

சட்டைப் பையிலிருந்து சின்னத் தகரப் பெட்டியை எடுத்துத் திறந்து காட்டினார். உள்ளே வரிசையாகப் பூச்சிகள், பழுப்பில் புள்ளி விழுந்தவை. சொம்பையும் சொன்னார், கம்பையும் சொன்னார், செள்ளே இல்லை என்பதையும் சொன்னார். பூசாரி வாயைப் பிளந்து கேட்டார். கிடாய்க் குடும்பம் கிடாயை மறந்து பக்கத்தில் வந்து நின்றது.

கமலாத்தாள் ஒரு பூச்சியை எடுத்துக் கீரியின் கழுத்தோடு வைத்துப் பார்த்தாள். பொருந்தியது. அழுகை நின்றுவிட்டது.

"நான் தெனமும் எண்ணெய் தடவறதப் பாத்துட்டுத்தான இருந்தீங்க?"

"ஆமா."

"சொல்லோணும்னு தோணலீங்களா?"

"தெனமும் தோணுச்சு புள்ள. பயம்."

அவள் அதற்குமேல் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவருக்குப் பட்டது. வேறு சேவல் ஒன்று கொண்டுவந்தால் ஆயிற்று என்று பூசாரி சமாதானம் சொன்னார். அவள் கேட்டதாகவே தெரியவில்லை. நனைந்த கீரியைத் தூக்கி மடியில் வைத்து, முந்தானையால் அதன் தலையைத் துடைத்துக்கொண்டு வெகுநேரம் கருப்பராயனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, மீன உடறப்ப எப்படி உடுவீங்க?"

இப்போது ஏன் இதைக் கேட்கிறாள் என்று அவருக்கு விளங்கவில்லை. இருந்தாலும் சொன்னார். "உடனே உடக் கூடாது. கெறக்கமா இருக்கும். தண்ணிக்குள்ளயே கையில ஏந்திப் புடிச்சுட்டு இருக்கோணும். தெம்பு வந்தாப் பொறவு தானாப் போயிரும்."

"அப்ப அந்த ஆசுபத்திரில உங்கள அப்புடித்தான் ஏந்திப் புடிச்சுட்டு இருந்திருக்குதுங்க" என்று அரிவாளோடு நின்ற சாமியைக் காட்டினாள் கமலாத்தாள். எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டாள். "நேர்ந்தது இந்தச் சேவலு. கொண்டாந்தாச்சு, மூணு தரம் கேட்டாச்சு. உங்களையும் உட்டுருச்சு, இதையும் உட்டுருச்சு. பொங்க வெச்சுட்டுப் போலாமுங்க."

பூசாரி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அடுப்புக்குக் கல் தேடப் போய்விட்டார்.

திரும்பி வரும்போது வேலந்தாவளம் முக்கில் அவள் வண்டியை நிறுத்தச் சொல்லி, கம்பு வாங்கிக்கொண்டாள். யாருக்கு என்று கேட்கும் தைரியம் அவருக்கு இல்லை. ஆறு போனது போனதுதான், ஆள் இருக்கிறாளே, அது போதும் என்று வண்டியை ஓட்டினார்.

வீட்டு வாசலில் கீரியை இறக்கி விட்டாள். அது இரண்டு எட்டு நடந்தது, நின்றது. ஈரம் காயாத உடம்பைக் கொண்டையிலிருந்து வால்வரை, இறகெல்லாம் சிலிர்க்க, படபடவென்று உலுக்கித் துளுக்கியது. இரண்டு பேர்மேலும் தண்ணீர் தெறித்தது.

செங்கோட்டையனுக்கு உயிரே போய்விட்டது. இதைவிடத் தெளிவான உத்தரவு கிடையாது. மறுபடி வண்டியை எடுக்க வேண்டுமோ என்று பயந்துபோய் அவளைப் பார்த்தார். கமலாத்தாள் முகத்தில் தெறித்த தண்ணீரை முந்தானையால் நிதானமாகத் துடைத்தாள்.

"ஏனுங்க, அந்த வாலறுந்தான், நீங்க உட்டும் மறுக்கா வந்துச்சே, என்ன பண்ணுனீங்க?"

"மறுக்கா உட்டுட்டேன்."

"உங்களுக்கு இருக்கற மனசு சாமிக்கு இருக்காதுங்களா?" என்று சொல்லிவிட்டு, கம்பை ஒரு கை அள்ளிக் கீரிக்குப் போட்டாள். "ஞாயித்துக்கெழம ஆத்துக்கு நானும் வாறனுங்க. அந்த மீன எனக்கு ஒருக்காக் காட்டுங்க."